பதினொன்றுக்குப் பதினொன்று

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு தெமெனுகா யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். தலையும் ஒரு கையும் தண்ணீர் மீட்டர் குழிக்குள். மீதி உடம்பு ஈரப் புல்லின் மேல். குழிக்குள் நத்தையும் சிலந்தியும் போன வருடத்து இலைகளும் இருந்தன. மீட்டரின் கண்ணாடியை விரலால் துடைத்து டார்ச் அடித்தபோது இடுப்பில் போன் அடித்தது. இரண்டு முறை விட்டுவிட்டாள். மூன்றாவது முறை எழுந்து உட்கார்ந்து சேற்றுக் கையோடு எடுத்தாள். மாகாணத் தண்ணீர்க் கம்பெனியின் டைரக்டர் தாஸ்கலோவ். பதினெட்டு வருட வேலையில் அவர் அவளை நேராகக் கூப்பிட்டது அது இரண்டாவது தடவை.

"எங்க இருக்க?"

"பழைய ஆலைத் தெருவுல இருக்கேங்க ஐயா. ரீடிங் எடுத்துட்டிருக்கேன்."

"அதப் போட்டுட்டுக் கெளம்பி வா. கம்பெனிக்கு இல்ல, கட்சி ஆபீசுக்கு. வர்ற வழியில எவன் கேட்டாலும் வாயத் தெறக்காத."

"என்னாச்சுங்க ஐயா?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு. நீ பார்லிமெண்ட் மெம்பர் ஆயிட்ட."

வீட்டுக்காரக் கிழவர் படியில் நின்றபடியே அவள் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, கசிவா?" என்றார். "ஆமா பெரியவரே, பெரிய கசிவு" என்று சொல்லிவிட்டு தெமெனுகா குழியின் இரும்பு மூடியை இழுத்துப் போட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டைரக்டர் ஒன்றைத் தப்பு என்று சொன்னால் அதற்குத் தண்டனையும் இருக்கும், அது எப்போதும் கீழே இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

முதல் தடவை அவர் கூப்பிட்டது ஆகஸ்டில். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவருடைய கட்சியின் தேர்தல் பட்டியலில் பன்னிரண்டு பேர் வேண்டும். அதில் நாலு பொம்பளைப் பெயராவது இருந்தால்தான் பார்க்க நன்றாயிருக்கும். முதல் ஆள் தாஸ்கலோவ். இரண்டாவது வக்கீல் மிலேவ். இவர்கள் இருவர்தான் பட்டியல். மற்றதெல்லாம் பந்தியை நீளமாகக் காட்டப் போட்ட இலை. பதினொன்றாவது இலை தெமெனுகா. பன்னிரண்டாவது மிலேவுக்குப் பல் பிடுங்கும் டாக்டர். கம்பெனி அட்டையில் இருந்த போட்டோவையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது புருஷன் க்ராசிமிர், "ஒப்புக்குச் சப்பாணியாடி நீ?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அச்சடித்த பட்டியலை அஞ்சலகச் சுவரில் பார்த்த அன்று, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தன் பெயரை ஒரு தடவை விரலால் தொட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாக்குச் சீட்டில் கட்சிகளுக்கு எண் கொடுக்கும் குலுக்கலில் இந்தக் கட்சிக்கு விழுந்த எண்ணும் பதினொன்று. சுவரெல்லாம் பதினொன்று, லைட்டரில் பதினொன்று, பேருந்தின் முதுகில் பதினொன்று. "பதினொன்றை மறக்காதே" என்று ஒலிபெருக்கி ஒரு மாதம் கத்தியது. ஜனங்களும் மறக்கவில்லை. அந்த வருடம்தான் முதல்முறையாக வாக்குச் சீட்டில் வலதுபக்கம் இன்னொரு வரிசை வந்திருந்தது. இடதுபக்கம் கட்சியின் எண். வலதுபக்கம், அந்தக் கட்சிப் பட்டியலில் உனக்குப் பிடித்த ஆளின் எண், விருப்பமிருந்தால். இந்த வலதுபக்கத்தைப் பற்றி ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. யார் போக வேண்டும் என்று முடிவாகிவிட்ட பிறகு ஜனங்களிடம் எதற்குக் கேட்பது? ஜனங்கள் இடதுபக்கம் பதினொன்றில் பெருக்கல் குறி போட்டார்கள். வலதுபக்கமும் ஒரு பதினொன்று இருந்தது. அரசாங்கத்துக் காகிதம் எதையும் இரண்டு தடவை கேட்கும் என்பது இந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவது தடவையும் போட்டார்கள். மாகாணம் முழுக்க ஆறாயிரத்துச் சொச்சம் பேர் போட்டார்கள். வலதுபக்கம் அதிகம் வாங்கியவர் பட்டியலில் மேலே ஏறிவிடுவார் என்பது புதுச் சட்டம். கட்சிக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று தாஸ்கலோவுக்கு. இன்னொன்று, இரண்டு மாதம் ஊர் ஊராகக் கறி சுட்டுப் போட்ட மிலேவைத் தாண்டி, குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த தெமெனுகாவுக்கு.

கட்சி ஆபீசில் தாஸ்கலோவும் மிலேவும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நாற்காலி இருந்தது, ஆனால் அதன் மேல் தேர்தலில் மீந்த லைட்டர் பெட்டி. அதை யாரும் எடுக்கவில்லை. அவள் நின்றாள். தாஸ்கலோவ் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். எனக்கு இந்தப் பதவி வேண்டாம், என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போடு. அப்புறம் கம்பெனி ஆபீசுல ஒரு சீனியர் வேலை காலியா இருக்கு, உனக்குத் தரேன். குழியில எறங்க வேண்டாம். மேசை, நாற்காலி, ஹீட்டர்."

"இது நெசமாவே எனக்கு விழுந்த ஓட்டுங்களா ஐயா?"

மிலேவ்தான் பதில் சொன்னார். படித்தவர், மரியாதையாகவே பேசினார். "கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு யாரும் ஓட்டுப் போடல. பதினொண்ணுக்குப் போட்டாங்க. அந்த எடத்துல ஒரு பூனைய நிறுத்தியிருந்தா பூனை ஜெயிச்சிருக்கும். உங்களத் தெரிஞ்சு, உங்களுக்குன்னு போட்ட ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. நானே உங்க பெட்டியத் தூக்கிட்டு வந்து தலைநகரத்துக்கு, சோபியா பஸ்ல ஏத்தி விடறேன்."

தாஸ்கலோவ் சிரித்தார். தெமெனுகா காகிதத்தைப் பார்த்தாள். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு, "இது என் பேரு இல்லீங்க ஐயா" என்றாள்.

அவர்கள் 'தெமெனுஷ்கா' என்று அடித்திருந்தார்கள். பதினெட்டு வருடம் அவளுக்குச் சம்பளம் கொடுத்த மனுஷனுக்கு அவள் பெயர் சரியாகத் தெரியவில்லை. டைப் அடிக்கிற பெண் சாப்பிடப் போயிருந்தாள். சாயங்காலம் அவளுக்கு வேறு ஏதோ வேலை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து போட்டுவிட்டுப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்தவளுக்குக் கோபமே வரவில்லை முதலில். பூனை என்ற சொல் மட்டும் காதுக்குள் நகம் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவர்கள் பேட்டையின் வாக்குச்சாவடி அங்கேதான். முடிவுத் தாளைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். தாளுக்குப் பக்கத்தில் போன வாரம் செத்தவர்களின் அறிவிப்புகள் படத்தோடு ஒட்டியிருந்தன. நடந்துபோகும்போதே அவள் மனசுக்குள் வீடு வீடாகப் போய்வந்தாள். குளிர்காலத்தில் குழாய் வெடித்தபோது ராத்திரி போய் அடைத்துக்கொடுத்த வீடு. பில் கட்ட முடியாத இரட்டைப் பிள்ளைக்காரிக்கு, மேலே தெரியாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட்ட வீடு. முப்பது பேர்? வேண்டாம், பத்துப் பேர். அவளைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் போட்டிருந்தாலும் போதும், நாளைக்கு மிலேவின் முகத்தில் பெயர்களை எறிந்துவிட்டு, பிறகு வேண்டுமானால் கையெழுத்துப் போடலாம்.

தாளில் கட்சிக்கு நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு விழுந்திருந்தது. வலதுபக்க வரிசையில் தாஸ்கலோவுக்குப் பத்தொன்பது. மிலேவுக்கு நாற்பத்தொன்று. பதினொன்றுக்கு நேராக: ஒன்று.

அந்த ஒன்று யார் என்று தெமெனுகாவுக்குத் தெரியும். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, வெட்கப்பட்டுக்கொண்டே அவள்தான் போட்டாள்.

க்ராசிமிர் முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். தெரு முழுக்க அக்டோபரில் அந்த வாசனைதான். வீட்டுக்கு வீடு பெரிய சிவப்புக் குடமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக் குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைப்பார்கள். தண்ணீர் காலையில் மூன்று மணி நேரம்தான் வருகிறது என்பதால் கழுவுவதற்குப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்தான். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது, தெருவுக்கே தெரிந்திருந்தது.

"வாங்க மெம்பர் அம்மா! சமையல்காரன் மிளகாய் சுடறேன், சோபியாவுக்கு எத்தன பாட்டில் கட்டணும்?"

"க்ராசி, எனக்குப் போட்டியா நீ?"

"எத?"

"வலது பக்கம். என் நம்பருக்கு."

"போடாம? பொண்டாட்டிக்குப் போடாமயா?" என்றான். இடுக்கியால் ஒரு மிளகாயைத் திருப்பினான்.

"அப்ப ரெண்டுன்னு இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவன் பொய் சொல்லி மாட்டியது உண்டு, குடியில், சீட்டில். அதையெல்லாம் அவள் கத்தித் தீர்த்திருக்கிறாள். இப்போது கத்த வரவில்லை. அவன் மிளகாயைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சாவடியில நெத்யால்கா டீச்சர்தான் ஓட்டுச் சீட்டு குடுத்தாங்க. ஒவ்வொருத்தரா நிறுத்தி வெளக்கம் சொன்னாங்க. 'வலது பக்கம் இருக்கற பதினொண்ணு கட்சி இல்ல, தண்ணிக்காரி தெமெனுகா. வேணும்னா போடு, வேணாம்னா விடு'ன்னு. ஒவ்வொருத்தனும் 'ஐயோ வேணாம் டீச்சர்'னு சிரிக்கிறான். என் முறை வந்தப்ப எல்லாரும் என்னையே பாக்கறாங்க. 'க்ராசிக்கு வேற வழியில்லை'ன்னு ஒருத்தன் சொல்றான். எனக்கு வெக்கமாப் போச்சு."

"திரைக்குப் பின்னாடி யார்ரா உன்னப் பாத்தா?"

மிளகாய் ஒன்று கருகியது. தெமெனுகா பீப்பாயை ஒரு உதை உதைத்தாள். மூன்று மணி நேரம் பிடித்த தண்ணீர் முற்றம் முழுக்க ஓடிப் பக்கத்து வீட்டு வேலிக்குக் கீழே போனது.

பக்கத்து வீடுதான் நெத்யால்கா. முப்பத்தாறு வருடம் கணக்கு டீச்சர். பேட்டையில் பாதிப் பேர் அவரிடம் காது திருகப்பட்டவர்கள், தெமெனுகா உட்பட. தண்ணீர் வேலிக்கு அடியில் வருவதைப் பார்த்துத் துடைப்பத்தோடு வந்தார்.

"ஏண்டி, வெலை இருக்கற தண்ணிய இப்பிடிக் கொட்டற?"

"நீங்க எதுக்கு டீச்சர் என் பேரச் சொல்லித் தடுத்தீங்க?"

"தடுக்கல. வெளக்குனேன். அது என் கடமை. மாகாணம் பூராவும் தப்பாப் போட்டிருக்கான், என் சாவடியில ஒரு தப்பு கெடையாது." இதைச் சொல்லும்போது நெத்யால்காவின் கழுத்து நிமிர்ந்தது.

"ஒருத்தர்கூடவா எனக்குப் போடக் கூடாது? பதினெட்டு வருசமா உங்க வாசலுக்கு வரேன்."

"வந்ததுதாண்டி! எதுக்கு வந்த? காத்துக்குப் பில்லு போட வந்த."

அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீரை நிறுத்திவிட்டு மறுநாள் திறந்தால், குழாயில் இருக்கும் காற்றுதான் முதலில் ஓடிவரும். மீட்டருக்குக் காற்றும் தண்ணீரும் ஒன்றே, உஸ்ஸென்று சுற்றும். பிறகு பழுப்பாக ஏதோ ஒன்று வரும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது: மீட்டரில் விழுந்தது விழுந்ததுதான். தெமெனுகா அதை ஆயிரம் வாசல்களில் சொல்லியிருக்கிறாள்.

"நான் மூணு தடவ எழுதிக் குடுத்தேன் டீச்சர். காத்துக்குக் கழிக்கணும்னு. டைரக்டர் தூக்கிப் போட்டுட்டார்."

"நீ எழுதுனது எனக்குத் தெரியுமா? என் வாசல்ல வந்து நின்னது நீ. 'விழுந்தது விழுந்ததுதான் டீச்சர்'னு சொன்ன வாய் உன் வாய். நான் தனிக்கட்டை, ஒரு குடம் தண்ணியில குளிக்கறேன். எனக்கு ஒரு குடும்பத்துப் பில்லு. நான் கணக்கு டீச்சர்டி!"

எய்தவன் இருக்க அம்பை நோகிறீர்களே என்று சொல்ல வாயெடுத்தாள் தெமெனுகா. சொல்லவில்லை. பதினெட்டு வருடம் வாசல் வாசலாகப் போய்க் குத்திய அம்பு எந்த முகத்தோடு அதைச் சொல்லும்? அன்று அவளுக்கு வந்த கோபத்துக்கு ஆள் போதவில்லை. மிலேவ் மேல், புருஷன் மேல், டீச்சர் மேல், இரண்டு மாதம் தவணை வாங்கிக்கொண்டு நாற்பத்தொன்றில் போய்ச் சேர்ந்துகொண்ட இரட்டைப் பிள்ளைக்காரி மேல். எல்லோருக்கும் கொடுத்த பிறகும் மீதி இருந்தது. அது தன் மேல்தான் என்று தெரிந்தபோது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போடத்தான் போனாள். அதில் சந்தேகமில்லை. மிலேவ் சொன்னது சரி. ஒரே ஒரு ஆள் இல்லை. மேசை, நாற்காலி, ஹீட்டர். முழங்கால் இரண்டும் குழி வாசலில் தேய்ந்துபோய்விட்டன. இதையெல்லாம் அவள் வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு போனாள்.

காகிதத்தில் இந்தத் தடவை பெயர் சரியாக இருந்தது. இன்று நாற்காலியும் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். மிலேவ் நல்ல நீல நிறத்தில் புது கோட்டு போட்டிருந்தார்.

"கேட்டுப் பாத்தீங்களா? ஆள் கெடச்சாங்களா?"

"இல்லீங்க."

"நான் சொல்லல?" என்று தாஸ்கலோவ் பக்கம் திரும்பினார்.

தாஸ்கலோவுக்கு மனசு நிறைந்துவிட்டது. தாராளமாகப் பேசினார். "மனசுல வெச்சுக்காத. அது ஓட்டே இல்ல. வெறும் காத்து."

தெமெனுகாவின் பேனா நின்றது.

"என்னங்க ஐயா சொன்னீங்க?"

"காத்துன்னேன். ஜனங்க தெரியாமப் போட்டது கணக்குல வராது. அதத் திருத்தணும்ல?"

"காத்து கணக்குல வராதுங்களா?" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அப்ப பதினெட்டு வருசமா எத வசூல் பண்ணோம்? மூணு தடவ எழுதிக் குடுத்தேனே, காத்துக்குக் கழிங்கன்னு. என்ன சொன்னீங்க? விழுந்தது விழுந்ததுதான்னீங்க. கெழவிங்க வாசல்ல என்ன நிக்க வெச்சு அதச் சொல்ல வெச்சீங்க. எச்சி துப்புனாங்க ஐயா என் மேல. தொடச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன்."

"இப்ப அத எதுக்கு…"

"ஆறாயிரம் பேரு போட்டது காத்தோ தண்ணியோ எனக்குத் தெரியாது. விழுந்தது விழுந்ததுதான்!"

மிலேவ் எழுந்தார். மரியாதை அவர் முகத்திலிருந்து கழன்று விழுந்தது. "ஏய், குழி நோண்டறவளே, யாருன்னு நெனச்ச உன்ன? அது என் எடம்!" ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் ரொட்டி வாங்க நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தாஸ்கலோவ் கத்தவில்லை. "வேலை போயிடும் தெமெனுஷ்கா" என்றார் மெதுவாக.

"போகத்தான் வேணும். மெம்பரா இருக்கறவங்க வேற வேலை பாக்கக் கூடாதாமே, சட்டம். வக்கீல் ஐயாவக் கேளுங்க."

காகிதத்தை மேசை மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாள். வீரம் ஒன்றும் இல்லை. சோபியாவில் போய் என்ன பேசுவாள்? எந்த வாசலில் நுழைவது என்றுகூடத் தெரியாது. தாஸ்கலோவ் அங்கேயும் இருப்பார், அதே கட்சியில், ஒருவேளை பக்கத்து நாற்காலியில். ஆறாயிரம் பேரில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. முகம் தெரிந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஒன்று: அந்தக் காகிதத்தில் கையெழுத்து இல்லை. அதை நினைக்கும்போது மட்டும் மூச்சு ஒழுங்காக வந்தது.

அவள் வீடு சேர்வதற்குள் மிலேவின் கத்தல் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. க்ராசிமிர் முற்றத்தில் நின்றான், பக்கத்தில் வரத் தைரியமில்லாமல். வேலிக் கதவில் நெத்யால்கா நின்றிருந்தார். கையில் பெரிய பிளாஸ்டிக் பாட்டில், கழுத்து வரை அன்று காலைத் தண்ணீர். தேநீர் நிறம்.

"நான் உனக்குப் போடல" என்றார்.

"தெரியும்."

"அடுத்த தடவையும் போட மாட்டேன்."

"போடாதீங்க. யாரு கேட்டா?"

"இந்தா." பாட்டிலை நீட்டினார். "பார்லிமெண்டுக்குக் கொண்டுபோ. எல்லாரும் பாக்க, மேடையில வெச்சு ஒரு டம்ளர் குடி. குடிச்சுட்டு அப்புறம் பேசு."

தெமெனுகாவுக்கு நேற்று மிச்சமிருந்த கோபம் எல்லாம் திரும்ப ஏறியது. "நான் ஏன் குடிக்கணும்? பதினெட்டு வருசம் உங்க எல்லார்கிட்டயும் ஏச்சும் பேச்சுமாக் குடிச்சது பத்தாதா?"

"எங்க குழாயில வேற எது வருது? நான் தெனம் குடிக்கறேன்டி!" கிழவியின் குரல் உடைந்தது. "ஒரு தடவ நீ குடிச்சா செத்தா போயிடுவ?"

தெமெனுகா பாட்டிலைப் பிடித்தாள். வாங்கவா, வேலிக்கு அப்பால் வீசவா என்று அவளுக்கே தெரியவில்லை. நெத்யால்காவும் விடவில்லை. இரண்டு பேர் கையும் பாட்டிலின் மேல் இருந்தன. இருவரும் மூச்சு வாங்கினார்கள். பிடித்த பிடியில் பாட்டில் ஆடிக்கொண்டே இருந்ததால், அடியில் படியப் பார்த்த மண் படியாமல் மேலே கலங்கி வந்துகொண்டிருந்தது.